காளான் பெட்டி

பந்து ஒருநாளும் எனக்கு நேராகப் போனதில்லை.
இடப்பக்கம் கிளம்பும்,
சரி, போகட்டும் என்று நினைக்கும்முன்
நடுவானில் மனசு மாறி
வலப்பக்கம் வளைந்து
சீமைக்கருவேலம் புதருக்குள் ஒளிந்துகொள்ளும்.
மயில் ஒன்று அங்கிருந்து
அலுப்போடு வெளியே வரும்.

பல்லடம் சாலையை ஒட்டிய பயிற்சித் திடல்.
ஞாயிறு காலை ஆறேகால்.
பனியன் ஆர்டர் கொடுக்க வந்த டென்மார்க்காரர்
ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி இது.
ஆறு மாதம் பழியைக்
கணவாய்க் காற்றின்மேல் போட்டேன்.
பிறகு கையுறையின்மேல்.
பிறகு தவணையில் வாங்கிய டிரைவரின்மேல்.

பந்து பொறுக்கும் மாரப்பன், என் வயதுதான்,
போனில் படம் பிடித்துக் காட்டினான்.
"மேல போற வரைக்கும் பழுதில்லீங்க மேடம்.
இறங்கறப்பத்தான் வலது தோள் முந்திக்குது.
பந்தியில மொத எலைக்கு ஓடறாப்புல."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
மட்டை இன்னும் உச்சியில்,
தோள் மட்டும் எட்டி வெளியே விழுந்து
பந்தைக் குறுக்கே வெட்டுகிறது.
தெரியும் எனக்கு அந்தத் தோளை.
பதினெட்டு வருடம் கம்பெனி ஷட்டரை
இழுத்து இறக்கிய தோள்.
பாக்கி வைத்தவன் வாசலில்
எனக்கு முன்னால் போய் நிற்கிற தோள்.

கான்டீனிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தான்,
ஊட்டிக் காளான் வந்த பெட்டி.
பந்துக்கு அப்பால், நாலு விரற்கடை தள்ளி,
கொஞ்சம் பின்வாங்கி வைத்தான்.
"பொட்டி மேல படாம அடிங்க. அவ்வளவுதான்."

முதல் அடியில் மூலை போனது.
இரண்டாவதில் மூடி.
ஏழாவதில் பந்து இருந்த இடத்திலேயே இருக்க
பெட்டி பறந்தது.
வெள்ளை மணிகள் புல்லெல்லாம், என் தலையெல்லாம்,
அடுத்த பாயில் ஆடிக்கொண்டிருந்த
ஸ்பின்னிங் மில்காரரின் காபியிலும்.
"இன்னும் அஞ்சு இருக்குதுங்க," என்றான்.

நாலு போயிற்று.

கடைசிப் பெட்டியின் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.
இடது குதிகால் தானாக ஆடியது.
கோபம் வந்தால் ஆடும்,
மேலும் கீழும், மேலும் கீழும்,
மிதி.

பத்தொன்பது வயதில், ஓவர்லாக் மிஷினில்
உட்கார்ந்த முதல் வாரம் எட்டு ஊசி உடைத்தேன்.
துணியை இழுத்ததால்.
அடியிலிருக்கும் பல் கடிக்கும்முன்
கை முந்தினால் ஊசி வளையும்.
ஊசிக்கு இவ்வளவென்று சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஒன்பதாவது ஊசி தப்பித்தது எப்படி என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை:
மிதிப்பது கால்,
நகர்த்துவது பல்,
கை சும்மா கூடப் போகும்.
அப்போது வலது கால். இது இடது.
கால் கால்தானே.

எழுந்தேன். மட்டையை ஏற்றினேன்.
என் முதுகு கொடியைப் பார்த்தது.
தோள் வழக்கம்போல் கிளம்பப் பார்த்தது.
இரு.
இன்னும் கொஞ்சம் முதுகைக் காட்டிக்கொண்டே இரு.
இடது காலை மட்டும் மிதித்தேன்.

இடுப்பு திரும்பியது.
கைகளை நான் இறக்கவில்லை, அவை விழுந்தன,
வலது முழங்கை விலாவை உரசிக்கொண்டு.
மட்டை உள்ளிருந்து வந்தது,
அந்தப் பக்கம் ஒரு வழி இருப்பதே
எனக்கு இதுவரை தெரியாது.
சத்தமும் வேறு:
நல்ல டப்பா ஒன்றின் மூடி
சரியாகப் பொருந்துகிற சத்தம்.

பெட்டி அசையவில்லை.
பந்து துளி வலப்பக்கம் கிளம்பி
மனசு மாறி உள்ளே திரும்பி
நூற்றைம்பது என்று எழுதிய பலகையைத் தாண்டி இறங்கியது.

"ஆச்சுங்க," என்றான் மாரப்பன்.

அடுத்த அடியில் பெட்டி தூள்.

மயில் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.
மாரப்பன் கான்டீன் பக்கம் நடந்தான்,
அடுத்த காளான் லோடு
எப்போது வரும் என்று கேட்க.